நேர்வழிச் சுரங்கம் கோணலான கதை

வெர்ன் பெங்கெல்லிக்கு ஒரு குறடும் ஒரு சுருள் வேலிக்கம்பியும் இருந்தால் போதும். உலகத்தில் மற்றதெல்லாம் கடைக்காரன் பிழைப்பதற்காகக் கண்டுபிடித்தது. கேட்டின் கீல் போனால் கம்பி. வண்டியின் சைலன்சர் தொங்கினால் கம்பி. மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்தபோதும் கம்பி, இடுப்பு வாரின் கொக்கி தொலைந்தபோதும் கம்பி. மனைவி நார்மா, பெண்டிகோவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கியபோது மட்டும்தான் கம்பியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் போய் ரொம்ப வருஷமாகிறது. தங்கையை இன்னும் பார்த்து முடிக்கவில்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். அதற்குப் பிறகு படித்தவன் எவன் வாசலுக்கு வந்தாலும், ஒன்று எதையோ விற்க வந்திருக்கிறான், இல்லை எதையோ பிடுங்க வந்திருக்கிறான் என்பதுதான் அவர் முடிவு. பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவே இருந்துவிட்டதால் அதை மாற்றிக்கொள்ள அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

எனவே மேக்பை கல்லி கவுன்சிலிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது அவர் குரலை முள்வேலி மாதிரி வைத்துக்கொண்டார்.

"உங்க நிலத்துல இருக்கிற பழைய தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்துல ஒரு தகவல் பலகை வைக்கலாம்னு இருக்கோம், மிஸ்டர் பெங்கெல்லி. நடைபாதையில போறவங்க படிக்கிறதுக்கு."

"யார் காசுல?"

"கவுன்சில் காசுலதான்."

"அப்போ என் காசு."

அந்தப் பெண் இதற்கெல்லாம் பழகியவள். "பாதி பாறையைப் பத்தி, பாதி வரலாறு. பாறையைப் பத்தி எழுத ஒரு ஜியாலஜிஸ்ட் வருவாங்க. வரலாறு நீங்களே சொல்லிடுங்களேன். உங்க குடும்பத்துச் சுரங்கம்தானே? உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கிழவர் விழுந்தார். யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சுரங்கத்தின் பெயர் நேர்வழி. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில், கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த இரண்டு மெதடிஸ்ட்டுகள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் காதில் ஆறுவதற்குள் வைத்த பெயர். ஒருவர் ஜேபஸ் பெங்கெல்லி, வெர்னின் கொள்ளுத்தாத்தா. மற்றவர் எலைஜா ட்ரெலோர். குன்றின் தலையில் வெள்ளைக்கல் வரி ஒன்றை, ரீஃப் என்று சொல்வார்களே அதை, இருவரும் கண்டுபிடித்தார்கள். அதில் தங்கம் இருந்தது. கொஞ்ச வருஷம் நன்றாகவே இருந்தது. ஊரில் பாதிப் பேர் பங்குப் பணம் போட்டார்கள். அப்புறம் ஒருநாள் காலையில் ரீஃப் காணாமல் போய்விட்டது. கத்தியால் ரொட்டியை அறுத்ததுபோல அந்த இடத்தோடு முடிந்து, எதிரே வெறும் களிப்பாறைதான் நின்றது. எந்தக் காலத்திலோ குன்று முறிந்து ஒரு பாதி நகர்ந்திருந்தது. ரீஃபின் மிச்சம் அந்தப் பாதியோடு போயிருந்தது.

எங்கே போயிற்று என்று எலைஜா கணக்குப் போட்டார். பள்ளத்திலிருந்து நேராக வடக்கே ஒரு சுரங்கவழி குடைந்துகொண்டு போனால் ரீஃப் தானாகக் குறுக்கே வந்து நிற்கும் என்றார். அவரே டயலைப் பிடித்து ஆரம்பித்தும் வைத்தார். டயல் என்பது பித்தளையில் செய்த பெரிய திசைகாட்டி, இருட்டுக்குள் வழிபிடிக்கச் சுரங்கக்காரன் வைத்திருப்பது. பாதி வழியில் ஒரு கல் சரிந்து எலைஜாவின் காலை நசுக்கியது. அவர் படுத்துக்கொள்ள, டயல் ஜேபஸின் கைக்கு வந்தது. ஜேபஸ் குடைந்தார். குடைந்துகொண்டே போனார். ரீஃப் வரவில்லை. ஊர்க்காரர்களின் பங்கும் அவர்களுடைய பொறுமையும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் தீர்ந்தன.

பெங்கெல்லி வீட்டில் சொல்வது: எலைஜாவின் கணக்கு தப்பு. ட்ரெலோர் வீட்டில் சொல்வது: ஜேபஸுக்கு நேராக நடக்கத் தெரியாது. ஊர் நம்பியது ட்ரெலோர்களை. காரணம், எலைஜா மிச்சக் காலோடு ஆடு வளர்த்து முன்னுக்கு வந்தார், ஜேபஸ் வரவில்லை. தங்கம் கிடைக்காத குழியை டஃபர் என்பார்கள். அன்றிலிருந்து அந்தக் குன்றில் குழி மட்டும் அல்ல, அதற்குச் சொந்தக்காரர்களும் டஃபர்கள். வெர்னைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படிக் கூப்பிட்டார். கால்பந்து அணியில் அப்படிக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தன்று பாதிரியார் "வெர்னன்" என்று சொன்னபோது, யாரைக் கூப்பிடுகிறார் என்று மாப்பிள்ளைத் தோழன் திரும்பிப் பார்த்தான்.

இப்போது பலகை வரப்போகிறது. உலோகத்தில் அச்சடித்து நிறுத்துவார்கள். வாயால் சொன்னதை மறுக்கலாம். பலகையை மறுக்க முடியாது, சுற்றுலா வருகிறவன் அதைப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டு போவான். வெர்ன் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார்: எலைஜா ட்ரெலோரின் தப்புக் கணக்கால் இந்தச் சுரங்கம் பாழானது. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்த்தார். நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

சாயங்காலம் கமர்ஷியல் ஓட்டலுக்குப் போனார். பாரின் அந்தக் கோடியில் மெர்வ் ட்ரெலோர் உட்கார்ந்திருந்தார். எலைஜாவின் கொள்ளுப்பேரன், வெர்னின் வயது, வெர்னின் வேலிக்கு அந்தப்புறத்து ஆட்டுப் பண்ணை. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பாரில் பியர் ஊற்றும் கோரல்தான் நடுவில் தபாலாபீஸ்.

"கோரல், சுரங்கத்துக்குப் பலகை வருதுன்னு அந்த மூலையில இருக்கிற ஆட்டுக்காரன்கிட்ட சொல்லு. வரலாறு நான்தான் எழுதறேன்னும் சொல்லு."

"அவர் காதுக்கு எட்டுற தூரத்துலதான் இருக்காரு, வெர்ன்."

"நீ சொல்லு."

கோரல் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "மெர்வ், பலகை வருதாம்."

"காதுல விழுந்துச்சு. டஃபருக்கு எத்தனை எஃப்னு அவனுக்குத் தெரியுமான்னு கேளு."

"எத்தனை எஃப், வெர்ன்?"

"அவங்க கொள்ளுத்தாத்தா கணக்குல எத்தனை தப்போ அத்தனைன்னு சொல்லு."

"தங்கம் அங்கதான் இருக்கு, இன்னும் அப்படியே கிடக்கு, ஒரு பெங்கெல்லிக்கு நேரா போகத் தெரிஞ்சிருந்தா ஊரே இன்னைக்கு மாடிவீட்டுல இருக்கும்னு அவன்கிட்ட சொல்லு."

"இதை நான் வாரா வாரம் சொல்றேன் மெர்வ், எனக்கே மனப்பாடம்," என்றாள் கோரல். "ரெண்டு பேருக்கும் இன்னொரு பியர் ஊத்தவா, இல்ல தொண்டை காய்ஞ்சுக்கிட்டே சண்டை போடப்போறீங்களா?"

இருவரும் தங்கள் தங்கள் கோடியிலிருந்து தலையாட்டினார்கள். இது ஒன்றில் மட்டும் கருத்து வேற்றுமை கிடையாது.

வியாழக்கிழமை அந்த ஜியாலஜிஸ்ட் வந்தாள். பெயர் மிலா வுகோவிச், பல்கலைக்கழகத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் எழுதுபலகையும் பிடித்த ஒரு ஆளை எதிர்பார்த்து வெர்ன் காலையிலிருந்தே முறைத்துப் பழகிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவள் பூட்ஸ் தேய்ந்து, முழங்காலில் கிழிசலோடு, வந்ததும் வராததுமாக "கெட்டில் இருக்கா?" என்று கேட்டாள். முறைப்பு வீணாயிற்று.

டீ குடித்துவிட்டுக் குன்றில் ஏறினார்கள். வெர்ன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே, அவள் எதையாவது எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாளா என்று கண்காணித்தார். அவள் பாறையைத் தட்டினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், திரும்பப் போட்டாள்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்த சேறு," என்றாள். "மேல மேல படிஞ்சு இறுகி, அப்புறம் ரெண்டு பக்கமும் யாரோ நெருக்கின மாதிரி, உதைச்சுத் தள்ளின போர்வையாட்டம் மடிஞ்சுபோச்சு. மடிப்பு வெடிச்ச இடத்துல கீழிருந்து வெந்நீர் ஏறிச்சு. அந்த வெந்நீர் விட்டுட்டுப் போனதுதான் இந்த வெள்ளைக்கல்."

"தங்கமும்தானே?"

"தங்கம் எல்லா இடத்துலயும் தங்காது. இதோ பாருங்க, இந்தக் கறுப்புக் களிப்பாறை, இது எங்கெல்லாம் வெள்ளைக்கல்லைத் தொடுதோ அங்க மட்டும்தான் தங்கும். இது தொடாத இடத்துல வெறும் கல்லுதான், வாசல்படிக்கு வேணா ஆகும்."

இதை வெர்ன் காதில் வாங்கினார், மனசில் வாங்கவில்லை. அவர் கவனம் வேறு இடத்தில் இருந்தது. மிலா தன் திசைகாட்டியைப் பாறைமேல் வைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வெர்னுக்கு, அதன் ஊசி ஒரு பக்கமாக ஒதுங்குவது தெரிந்தது.

"என்ன, ஊசி குடிச்சிருக்கா?"

"ஒரு நிமிஷம்." அவள் மறுபடி வைத்தாள். ஊசி நின்றது. வெர்ன் இன்னும் கிட்டே குனிந்தார். ஊசி மறுபடி ஒதுங்கியது.

"எங்க வாங்கினது?"

"ஸ்வீடன்ல செஞ்சது."

"அங்க வடக்கு வேற பக்கம் இருக்கோ என்னமோ."

மிலா சிரித்தாள். சிரித்துவிட்டு அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். கண்ணாடி, இடுப்பு, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குறடு, தோளில் மாட்டியிருந்த கம்பிச் சுருள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெர்ன். இன்னும் கொஞ்சம். அந்த மரத்துக்கிட்ட."

வெர்ன் மரத்தடியில் போய் நின்றுகொண்டார். பல்கலைக்கழகத்தின் திசைகாட்டி தன் முன்னால் வெலவெலத்துப்போனதில் அவருக்குப் பரம திருப்தி. இந்தக் கதையைக் கோரலிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டார். அங்கிருந்தே கத்தினார்: "எங்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு! எங்க கொள்ளுத்தாத்தாவோட டயல். சுரங்கத்துக்குள்ள போகும்போது காட்றேன். அதுதான் சாட்சி!"

சுரங்கவழியின் வாயில் ஒரு இரும்புக் கதவு. அதை மூடிவைத்திருந்தது கம்பி. அதை அவிழ்ப்பதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. வெர்னின் முடிச்சை வெர்ன் மட்டும்தான் அவிழ்க்க முடியும், அதுவும் நல்ல நாளாக இருந்தால். இரண்டு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கணுக்கால் தண்ணீர். வௌவால் நெடி. டயலைப் பழைய ஃபிளானல் துணியில் சுற்றி, கைக்குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார் கிழவர்.

கொஞ்ச தூரம் வரை திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரே அடியில் அது அணைந்துபோயிற்று. மிலா நின்றாள். ஒரு எட்டு பின்னால் வைத்தாள். வெளிச்சம் வந்தது. முன்னால் வைத்தாள். போயிற்று.

"இங்க திரும்புது."

"இங்க நேராகுது," என்று திருத்தினார் வெர்ன். "வாசல்லேருந்து இதுவரைக்கும் எலைஜா குடைஞ்சது. கோணல். இங்கதான் எங்க கொள்ளுத்தாத்தா டயலை வாங்கினாரு. வாங்கி ரெண்டு மூணு நாள்லயே கண்டுபிடிச்சிட்டாரு, இத்தனை நாளும் தப்பா வந்திருக்கோம்னு. இங்கிருந்து சரி பண்ணிட்டாரு. அப்பவும் ரீஃப் இல்லைன்னா கணக்கே தப்புன்னுதானே அர்த்தம்?"

"தப்பா வந்திருக்கோம்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டயல் சொல்லிச்சு. மனுஷன் பொய் சொல்வான், ஊசி சொல்லாதும்பாரு."

"முதல்ல சொல்லாதது திடீர்னு ஏன் சொல்லிச்சு?"

வெர்னுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது, ஏனென்றால் பதிலாக அவரிடம் குடும்பத்தின் மிகச் சிறந்த கதை இருந்தது. "சொல்றேன் கேளு. இதே இடத்துல, இதோ இந்தப் பாறையில, டயல் அவர் கைதவறி விழுந்துடுச்சு. குறிபார்க்கிற தகடு அடியோட பெயர்ந்துபோச்சு. வேற ஒருத்தனா இருந்தா பெண்டிகோவுக்கு அனுப்பிட்டு ஒரு மாசம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். அவர் பெங்கெல்லி. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள அவரே கட்டி முடிச்சிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அசையல, பாரு."

துணியை விலக்கினார். விளக்கொளியில் பித்தளை மின்னியது. உடைந்த தகட்டை வளையத்தோடு இறுக்கி, நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியை அழகாக மடித்து உள்ளே செருகியிருந்தது கறுத்த வேலிக்கம்பி. மூன்று தலைமுறை எண்ணெய் போட்டுத் துடைத்ததில் அதில் துரு இல்லை.

மிலா தன் திசைகாட்டியை எடுத்துச் சுவரோரத்துக் கல்மேல் வைத்தாள். "நீங்க பின்னாடி போங்க வெர்ன். குறடு, பெல்ட்டு எல்லாத்தோடயும். டயலை எங்கிட்ட குடுத்துட்டு."

கொடுத்தார். பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தார். ஊசி அசையாமல் நின்றது. மிலா டயலை மெதுவாக, ரொம்ப மெதுவாக, அதன் பக்கத்தில் கொண்டுவந்தாள். சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்ட நாய் தலையைத் திருப்புமே, அப்படித் திரும்பியது ஊசி. அவள் டயலை விலக்கினாள். ஊசி வடக்குக்குப் போயிற்று. கிட்டே கொண்டுவந்தாள். திரும்பவும் வந்தது.

"டயலை ஏன் பித்தளையில செய்றாங்க, தெரியுமா?" அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் மோசம்.

"பளபளன்னு இருக்கத்தான்," என்றார் வெர்ன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு வாளியாகத் தலையில் கொட்டியதுபோல. பித்தளை ஊசியை இழுக்காது, இரும்புக்கம்பி இழுக்கும். குன்றின்மேல் ஸ்வீடன் ஊசி குடித்திருக்கவில்லை. அது இவர் இடுப்பைப் பார்த்திருக்கிறது. எலைஜா வந்த வழிதான் நேர். கொள்ளுத்தாத்தா அந்த நேரைப் பார்த்து, கோணல் என்று முடிவுகட்டி, தானே கட்டிய கம்பி காட்டிய பக்கமாக, இத்தனை ஊராரின் பங்கையும் வாங்கிக்கொண்டு, மலையைக் குடைந்துகொண்டே போயிருக்கிறார், தலை நிமிர்ந்து. பின்னால் வெளிச்சம் அணைந்தபோதுகூட அவர் தன்னைச் சந்தேகப்படவில்லை. வெளிச்சத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். கையோடு வெர்னுக்கு இன்னொன்றும் தோன்றியது: அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன், என்ன, இன்னும் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருப்பேன்.

"எலைஜா கணக்கு?" என்று கேட்டார்.

"முழுசாச் சரிபார்க்கணும். ஆனா மேல நான் எடுத்த அளவை வெச்சுப் பார்த்தா, அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்துலதான் ரீஃப் இருக்கணும். வேலிக்கு அந்தப்புறம்." அவள் டயலைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். "பாறை எப்படி முறிஞ்சுது, எவ்வளவு நகர்ந்துதுன்னு நான் எழுதிடுவேன். சுரங்கம் ஏன் திரும்பிச்சுங்கிறது பாறையில இல்ல, வெர்ன். அது உங்க பாதி. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

அவள் போன பிறகு வெர்ன் தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் திமிராக நடந்துகொண்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. படித்த திமிர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள்.

டயலை மேசைமேல் வைத்தார். பையிலிருந்து குறடை எடுத்தார். விஷயம் சுலபம். இரண்டு வெட்டு. கம்பி போய்விடும், டயல் சுத்தமாகிவிடும். எலைஜா ட்ரெலோரின் தப்புக் கணக்கால் என்று பலகை சொல்லும், பெங்கெல்லிகள் மனிதர்கள் ஆகிவிடுவார்கள். அந்தப் பெண் யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்த மாதிரி ஆள்தான் அவள், சனியன்.

குறடின் வாயைக் கம்பிக்குக் கொடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எங்கே வெட்டுவது என்று முடிச்சைத் தேடினார். முதலில் இரண்டு சுற்று தளர்த்தி, மூன்றாவதை அடியில் விட்டு, நுனியை இடப்பக்கமாக மடித்து உள்ளே செருகியிருந்தது. கை நின்றுவிட்டது. கேட்டில் இருப்பது அதே முடிச்சு. சுரங்கக் கதவில் இருப்பது அதே முடிச்சு. அப்பா போட்டது, தாத்தா போட்டது, தன் மூக்கின்மேல் இப்போது உட்கார்ந்திருப்பது. முட்டாள்தனமான இடத்தில் போட்ட முடிச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு நல்ல முடிச்சு. இத்தனை வருஷத்தில் ஒரு மயிரிழை நெகிழவில்லை.

அதை வெட்டக் கிழவருக்கு மனசு வரவில்லை. நேர்மையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது தொழில் மரியாதை.

கமர்ஷியல் ஓட்டலில் அன்றைக்கு மெர்வ் தனியாக ரோஸ்ட்டு ஆட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெர்ன் தன் கோடிக்குப் போகவில்லை. நேராக நடந்து, ஃபிளானல் மூட்டையை மெர்வின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மெர்வ்."

"என் வேலை போச்சு," என்றாள் கோரல், தனக்குத்தானே.

மெர்வ் முள்கரண்டியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தார். "யாரு செத்தா?"

"யாரும் சாகல. உங்க ஆளு கணக்கு சரி. எங்க ஆளு டயலை வேலிக்கம்பியால கட்டிட்டாரு. ஊசி கம்பியைக் காட்டிச்சு, அவர் அது பின்னாடியே போயிட்டாரு. அவ்வளவுதான். பலகையில அதைத்தான் போடச் சொல்லப்போறேன். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுத் தொலை, வீட்டுக்குப் போகணும்."

மெர்வ் துணியை விலக்கி டயலைப் பார்த்தார். கம்பியைக் கட்டைவிரலால் தடவினார். வெர்ன் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. மெர்வின் காதுதான் சிவந்துகொண்டே போயிற்று.

"உக்காரு," என்றார்.

"நின்னுக்கறேன்."

"உக்காருடா டஃபர், கழுத்து வலிக்குது."

வெர்ன் உட்கார்ந்தார். மெர்வ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எண்பதுகள்ல ஒரு கம்பெனிக்காரன் என் மேய்ச்சல் நிலத்துல குழாய் இறக்கிப் பார்க்கணும்னு வந்தான், ஞாபகம் இருக்கா?"

"தண்ணிக்குத் துளை போடறதா ஊருக்கெல்லாம் சொன்னே."

"சொன்னேன். தண்ணிக்கில்ல. எங்க கொள்ளுத்தாத்தா சொன்ன இடத்துல, அச்சு அசலா அதே இடத்துல, ரீஃப் இருந்துச்சு. இந்த பார் அகலத்துக்கு."

"அப்புறம்?"

"வெளுத்த கல்லு. ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பு மாதிரி. ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. மூணு இடத்துல இறக்கினான். மூணும் அப்படியே. என்னமோ கறுப்புப் பாறை தொடலைன்னான்."

குன்றின்மேல் காதில் மட்டும் வாங்கியது இப்போதுதான் வெர்னின் மனசுக்கு இறங்கியது.

"எங்க கொள்ளுத்தாத்தா அன்னைக்கு நேரா போயிருந்தா..." என்று இழுத்தார் வெர்ன்.

"ரீஃபைப் பிடிச்சிருப்பீங்க. எங்க ஆளு குதிச்சிருப்பாரு. இன்னும் கடன் வாங்கி, ஊர் மிச்சத்தையும் வாங்கிப் போட்டு, பத்து வருஷம் வெள்ளைக்கல்லு வெட்டியிருப்பாங்க. எங்களுக்கு ஆடும் இருந்திருக்காது, நிலமும் இருந்திருக்காது." மெர்வ் பியரை ஒரு இழுப்பு இழுத்தார். "உங்க ஆளு கோணலாப் போனதாலதான் நாங்க பிழைச்சோம். அது எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலயே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே வாரா வாரம் இங்க உக்காந்து, தங்கம் அங்க கிடக்குன்னு..."

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? உன்கிட்ட சொல்லியிருந்தா, 'எங்க கொள்ளுத்தாத்தா வேணும்னேதான் திரும்பினாரு, உங்களையெல்லாம் காப்பாத்தினாரு'ன்னு ஆரம்பிச்சிருக்க மாட்டே?"

வெர்ன் யோசித்தார். "ஆரம்பிச்சிருப்பேன்."

"அதான்."

கோரல் கேட்காமலே இரண்டு பியரை வைத்தாள். "இதெல்லாம் நான் யார்கிட்டயாவது போய்ச் சொல்லணுமா, இல்ல நீங்களே பாத்துக்குவீங்களா?"

"டஃபருக்கு ரெண்டு எஃப்," என்றார் வெர்ன் மெர்விடம். "பலகையில ரெண்டு பேர் பக்கத்துலயும் போடச் சொல்றேன்."

"உன் பக்கத்துல முதல்ல."

"சரி. என் பக்கத்துல முதல்ல."

பலகை வந்தது. பாறையைப் பற்றி மிலா எழுதியது நீளமாக, படத்தோடு இருந்தது. வரலாறு நான்கு வரி. எலைஜா ட்ரெலோர் கணக்குச் சரியாகப் போட்டார். ஜேபஸ் பெங்கெல்லி டயலை வேலிக்கம்பியால் கட்டியதால் சுரங்கம் பாதியில் திரும்பிவிட்டது. சரியாகப் போயிருந்தாலும் அங்கே தங்கம் இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் இதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டஃபர் என்ற வார்த்தையைக் கவுன்சில் பெண் எடுத்துவிட்டாள், மரியாதையாக இல்லையாம். வெர்னுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நிறுத்த வந்த ஆட்கள் கம்பத்தை நட்டுவிட்டு, போல்ட்டைக் கிடங்கிலேயே விட்டு வந்ததைக் கண்டுபிடித்தார்கள். திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள். வெர்ன் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார், தோளிலிருந்த சுருளை இறக்கினார். அவர்கள் சிகரெட் பற்றவைத்து முடிப்பதற்குள் பலகை கம்பத்தில் நின்றது.

வேலிக்கு அந்தப்புறமிருந்து மெர்வ் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கோணலா இருக்குடா."

வெர்ன் இரண்டு எட்டு பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோணல்தான். நன்றாகவே கோணல்.

"அசையுதா பாரு," என்றார்.